விளக்கு நம் வீட்டில், விசை யார் கையில்?

(நமது சங்கத்தின் சித்தூர்க் கிளை மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



வாடகை வீட்டுப் பிரச்சினை, ரேஷன் கார்டு மாற்றம், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சேர்க்கை ஆகியவற்றைப் பேசி முடித்துவிட்டோம். இப்போது நான் எடுத்துக்கொள்கிற விஷயத்தைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். வீட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார், வாசல் கேமரா இவற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். இது வசதி படைத்தவர்களின் கவலையல்லவா, கூலிக்காரர்களும் குமாஸ்தாக்களும் கூடியிருக்கிற இடத்தில் இதற்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம்.

வேலை இருக்கிறது. வேலூர், திருவண்ணாமலை, திருவள்ளூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்து குடியேறியவர்கள் நாம். நம் பிள்ளைகளோ இங்கிருந்தும் கிளம்பி பெங்களூர், சிங்கப்பூர், ஷார்ஜா, மஸ்கட் என்று போய்விட்டார்கள். வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கவலை. கையில் கொஞ்சம் காசும் இருக்கிறது. ஆகவே லீவில் வரும்போது பெட்டி நிறைய ‘ஸ்மார்ட்’ சாமான் வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போகிறான். கைப்பேசியால் எரிகிற பல்பு, கைப்பேசியால் ஓடுகிற மோட்டார், வாசலைக் காட்டுகிற கேமரா. நம் தெருக்களில் இது எத்தனை வீட்டில் வந்துவிட்டது என்று கை தூக்கச் சொன்னால் இந்தக் கூடத்தில் பாதிக் கை எழும்பும்.

நான் பத்தாவது வரை படித்த ரயில்வே குமாஸ்தா, பொறியாளன் அல்ல. தெரிந்தவர்களிடம் கேட்டும், படித்தும், கழற்றிப் பார்த்தும் அறிந்துகொண்டதைச் சொல்லுகிறேன்.

கட்டமஞ்சிப் பக்கம் நம் உறுப்பினர் வீடு ஒன்று. கணவர் காலமான பின் அந்த அம்மாள் தனியாக இருக்கிறார். மகன் ஷார்ஜாவில். அவன் வந்தபோது தண்ணீர் மோட்டாருக்குக் கைப்பேசி விசை போட்டான். எலக்ட்ரீஷியன் செய்த காரியம் என்னவென்றால், சுவரில் இருந்த பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு, கம்பியை நேராகப் புதுக் கருவிக்கு இழுத்துவிட்டார். “இனிமே அது எதுக்கும்மா, எல்லாம் போனிலேயே ஆகும்” என்றாராம். சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் சாலை தோண்டுகிறவர்கள் இணையக் கேபிளை அறுத்துவிட்டார்கள். நான்கு நாள் இணைப்பு இல்லை. மின்சாரம் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரில் பழுதில்லை, தொட்டியில் மட்டும் தண்ணீர் இல்லை. அந்த அம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். மகன் ஷார்ஜாவிலிருந்து போன் செய்து, “அம்மா, ஆப்பிலே ‘ஆஃப்லைன்’னு காட்டுது, நான் என்ன செய்ய” என்கிறான். அவர் கேட்டார்: “ஏண்டா, நம்ம வீட்டு மோட்டாருக்கு அங்கேயிருந்து அனுமதி வந்தாத்தான் தண்ணி வருமா?”

நான் பேச வந்த விஷயம் முழுவதும் அந்த அம்மாளின் கேள்விக்குள் இருக்கிறது.

கைப்பேசியில் பொத்தானைத் தொட்டால் விளக்கு எரிகிறது. கைப்பேசிக்கும் விளக்குக்கும் நடுவே பத்தடி தூரம். ஆனால் அந்தக் கட்டளை பத்தடி போவதில்லை. வீட்டு ரவுட்டர் வழியாக வெளியேறி, கம்பெனியின் கணினி எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே போகிறது. அது மும்பையாக இருக்கலாம், சிங்கப்பூராக இருக்கலாம், அமெரிக்காவாகவும் இருக்கலாம். அந்தக் கணினி கணக்கைச் சரிபார்த்து, “சரி, எரியட்டும்” என்று திருப்பி அனுப்புகிறது. அது மறுபடி நம் ரவுட்டருக்கு வந்து விளக்கைச் சேர்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. சித்தூரிலிருந்து பாகாலாவுக்குப் போக டில்லி வழியாக டிக்கெட் எடுக்கிற மாதிரி இது. ‘கிளவுட்’, மேகம் என்று இதற்கு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மேகமும் இல்லை, மழையும் இல்லை. அடுத்தவனுடைய கணினி, அவ்வளவுதான்.

அந்தக் கணினிக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன ஆகும்? 2025 அக்டோபர் 20ஆம் தேதி, நாம் தீபாவளி கொண்டாடிய அன்று, மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அமேசான் கணினிக் கூடங்களில் கோளாறு. நெருப்புமில்லை, வெள்ளமுமில்லை. தானாக இயங்கும் இரண்டு நிரல்கள் ஒன்றோடொன்று மோதி, முகவரிப் புத்தகத்தில் ஒரு பதிவு வெறுமையாகிவிட்டது. அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான சேவைகள் முகவரி தெரியாமல் நின்றன. பல மணி நேரம் உலகின் பல மூலைகளில் வாசல் மணி கேமராக்கள் வேலை செய்யவில்லை. பேசும் பெட்டிகள் ஊமையாகின. ‘எய்ட் ஸ்லீப்’ என்ற அமெரிக்கக் கம்பெனி குளிரவும் சூடாகவும் வைக்கிற படுக்கை விற்கிறது. அந்தப் படுக்கைகள் சூடான நிலையிலேயே மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தனவாம். தூங்குவதற்குக்கூட இணையம் கேட்கிற காலம் வந்துவிட்டது! அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி, இணையம் இல்லாவிட்டாலும் பக்கத்திலிருந்து கைப்பேசியால் இயக்குகிற வழியைச் சேர்த்தது. செய்ய முடிகிற காரியம்தான் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். முதலிலேயே ஏன் செய்யவில்லை? யாரும் கேட்கவில்லை.

கோளாறாவது சரிசெய்யப்படும். கம்பெனியே கடையைக் கட்டினால்? ‘ரிவால்வ்’ என்று ஒரு பெட்டி அமெரிக்காவில் விற்கப்பட்டது. வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்குவது அதன் வேலை. விலை சுமார் 300 டாலர். ஆயுள் முழுதும் சேவை என்று சொல்லி விற்றார்கள். 2014ல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் கம்பெனி அதை வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை மூடிவிட்டார்கள். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் அன்று முதல் அது அலமாரியில் வைக்கிற பொம்மை. ஆயுள் என்று சொன்னது யாருடைய ஆயுளோ! 2020 மே மாதம் ‘விங்க்’ என்ற கம்பெனி, இனிமேல் மாதாமாதம் சுமார் 5 டாலர் கட்டாவிட்டால் நீங்கள் வாங்கிய பெட்டி வேலை செய்யாது என்று ஒரு வாரத் தவணை வைத்து அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் தேதியைத் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். 2022 ஏப்ரலில் ‘இன்ஸ்டியான்’ கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை நிறுத்தியது. ஆப் திறக்கவில்லை, ஆனால் சுவரில் இருந்த சுவிட்சுகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும் விதத்தில் கட்டப்பட்டிருந்ததால், அவை தொடர்ந்து வேலை செய்தன. சில மாதங்களில் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அந்தக் கம்பெனியின் சொத்தை வாங்கி மறுபடி ஓட்டினார்கள். ஒரே சாமானின் ஒரு பாதி செத்தது, ஒரு பாதி பிழைத்தது. எது பிழைத்தது என்று பாருங்கள்: வீட்டுக்குள்ளேயே முடிவு எடுக்கத் தெரிந்த பாதி.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் கதை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். நம் நாட்டில் இதைவிடப் பெரிதாக நடந்திருக்கிறது. 2020 ஆகஸ்டு 12ஆம் தேதி, கிருஷ்ண ஜெயந்தி தினத்தன்று, உத்தரப் பிரதேசத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. கம்பி அறுந்ததா? இல்லை. மின் உற்பத்தி குறைந்ததா? இல்லை. ஸ்மார்ட் மீட்டர் என்று மாட்டப்பட்ட பெட்டிகளுக்குச் சர்வரிலிருந்து ‘துண்டி’ என்று ஒரு தவறான கட்டளை போய்விட்டது. பணம் பாக்கி உள்ளவன், ஒழுங்காகக் கட்டியவன் என்ற வித்தியாசமே இல்லை. பண்டிகை நாளில் வீடு வீடாக இருட்டு. அரசாங்கம் விசாரணைக்கு உத்தரவிட்டது. மீட்டர் பொருத்துவதையும் அப்போது நிறுத்தி வைத்தது.

தோழர்களே, முன்பு ஒரு வீட்டின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டுமானால் லைன்மேன் வர வேண்டும். அவர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்து, வாசலில் நின்று, கட்டிங் பிளேயரை எடுக்க வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் நாம் அவரிடம் பேசலாம். “நாளைக்குக் கட்டிடறேன் அண்ணா” என்று சொல்லலாம். அவரும் மனிதர், சில நேரம் கேட்பார், சில நேரம் கேட்க மாட்டார். ஆனால் ஒரு லட்சம் வீட்டை ஒரே நிமிடத்தில் துண்டிக்க எந்த லைன்மேனாலும் முடியாது. புது மீட்டருக்குள்ளே ஒரு துண்டிப்பு விசை இருக்கிறது. அதன் கயிறு எங்கோ ஓர் அறையில்.

இந்த ராஜ்யத்திலும் அது வந்துகொண்டுதான் இருக்கிறது. நமக்கு மின்சாரம் தருகிற ஆந்திரப் பிரதேச தெற்கு மின் விநியோகக் கம்பெனியின் தலைமையகம் திருப்பதியில் இருக்கிறது, நமக்குப் பக்கம். 2021ல் மத்திய அரசு 3,03,758 கோடி ரூபாய் மதிப்பில் மின் விநியோகச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, நாடு முழுவதும் 25 கோடி முன்பண ஸ்மார்ட் மீட்டர் மாட்டுவது என்று இலக்கு வைத்தது. முன்பணம் என்றால் கைப்பேசி ரீசார்ஜ் மாதிரி. காசு தீர்ந்தால் கரண்டு நிற்கும். 2025ல் இங்கே இடதுசாரிக் கட்சிகளும் மக்கள் அமைப்புகளும் இதை எதிர்த்துக் கூட்டங்கள் நடத்தின. சம்மதமில்லாமல் வீடுகளில் மாட்ட மாட்டோம் என்று எரிசக்தி அமைச்சர் கொட்டிப்பாட்டி ரவிக்குமார் சொன்னார். வாய்ச்சொல் நல்லதுதான். எழுத்தில் என்ன இருக்கிறது என்பதையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்குமுன் பதினைந்து முழு நாள் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும் என்று சொல்கிறது. அந்தப் பதினைந்து நாள் நம் சம்பளத் தேதிக்கும் பில் தேதிக்கும் நடுவில் மூச்சுவிடுகிற இடம். காசு தீர்ந்த நிமிடமே தானாக நிற்கிற மீட்டரில் அந்தப் பதினைந்து நாள் எங்கே போகும்? இந்தக் கேள்வியை நாம் கேட்டே தீர வேண்டும்.

இதற்கு எதிராகச் சில நண்பர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள். சர்வர் இப்போது நம் நாட்டுக்கே வந்துவிட்டதே என்கிறார்கள். உண்மைதான். 2022 நவம்பரில் அமேசான் ஐதராபாத்தில் தன் கணினிக் கூடங்களைத் திறந்தது. 2025 அக்டோபரில் கூகுள் விசாகப்பட்டினத்தில் ஐந்தாண்டில் 1,500 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. நிலமும் நம்முடையது, தண்ணீரும் நம்முடையது, கரண்டும் நம்முடையது. கட்டளை யாருடையது? விசாகப்பட்டினத்தில் இயந்திரம் வைத்தால் விசாகப்பட்டினத்துக்காரன் அதற்கு எஜமானாகிவிடுவானா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சாமான்களைச் செய்கிற கைகளில் நம் கைகளும் உண்டு. ஸ்ரீசிட்டியில் 2015லேயே சியோமி கைப்பேசிகளை ஃபாக்ஸ்கான் கோக்கத் தொடங்கியது. திருப்பதியைச் சுற்றியுள்ள மின்னணுப் பூங்காக்களில் டிக்சன் போன்ற கம்பெனிகள் தொலைக்காட்சியும் கண்காணிப்புக் கேமராவும் செய்திருக்கின்றன. புத்தூர், நகரி, சத்தியவேடு பக்கத்துப் பெண் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிப் போய் நாள் முழுக்க நின்றபடி இதைக் கோக்கிறார்கள். பலகையில் சில்லு எங்கே உட்கார வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே சாமானை வாங்கி வீட்டில் மாட்டினால், அதைத் திறக்கிற சாவி அவர்களிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை.

நான் கருவியே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல. மஸ்கட்டில் இருக்கிற மகன், இரவு தூங்கப் போகுமுன் தாயின் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுப் படுக்கிறான் என்றால் அதில் எந்தக் குற்றமும் இல்லை. அதற்கு நடுவில் ஓர் ஆள் தேவைப்படுவதும் வாஸ்தவம். நம் இணையக் கம்பெனிகள் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு தனி முகவரி தருவதில்லை. ஒரே கதவிலக்கத்தைப் பல வீட்டுக்குப் பங்கிட்டுத் தருகிற மாதிரி தருகிறார்கள். ஆகவே வெளியூரிலிருந்து நேராக நம் வீட்டுக்குள் நுழைவது சுலபமல்ல, தரகர் வேண்டியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கத் தரகர் இருக்கட்டும். வீட்டுக்குள்ளே இருக்கிற தாய் தன் விளக்கைப் போட எதற்குத் தரகர்?

இதில் நம் விவசாயிகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். சித்தூர் ஜில்லாவில் போர் ஆயிரம் அடி போன கதை உங்களுக்குத் தெரியும். மூன்று பேஸ் கரண்டு நடுராத்திரியில் வந்த காலத்தில், மோட்டார் போடப் போய்ப் பாம்பு கடித்துச் செத்தவர்கள் உண்டு, ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டுச் செத்தவர்களும் உண்டு. அப்போதுதான் மொபைல் ஸ்டார்ட்டர் வந்தது. புணேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்ற பொறியாளர் உருவாக்கிய ‘நானோ கணேஷ்’ இதில் முன்னோடி. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. விவசாயி தன் கைப்பேசியிலிருந்து அந்த எண்ணை அழைத்து எண் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும், கரண்டு இருக்கிறதா என்றும் தெரிந்துகொள்ளலாம். டவர் வேண்டும், வாஸ்தவம். ஆனால் விவசாயிக்கும் மோட்டாருக்கும் நடுவில் கணக்குத் திறக்கச் சொல்லி, கடவுச்சொல் கேட்டு, நாளைக்கு மூடிவிட்டுப் போகிற கம்பெனிக் கணினி கிடையாது. இதைவிட முக்கியம், பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் பெட்டியில் அப்படியே இருக்கும். டவர் விழுந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு வயலுக்கு நடந்து போய்ப் பொத்தானை அழுத்தலாம். கட்டமஞ்சி அம்மாளின் எலக்ட்ரீஷியன் கழற்றி எறிந்தது இந்தப் பச்சைப் பொத்தானைத்தான். இப்போது ஸ்டார்ட்டரிலும் ஆப் வைத்து, சர்வர் வைத்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் யோசித்து வாங்க வேண்டும்.

ரயில்வேயில் வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். நான் சிக்னல்காரன் அல்ல, டிக்கெட் மேசைக்காரன். ஆனாலும் இருபது வருஷம் ஸ்டேஷனில் உட்கார்ந்தால் காதில் விழாமல் போகாது. வண்டிகளை எங்கே நிறுத்துவது, எதை முன்னே விடுவது என்று கன்ட்ரோல் ஆபீஸ் சொல்லும். ஆனால் பாயிண்டும் சிக்னலும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் பூட்டி வைக்கிற இன்டர்லாக்கிங் அந்தந்த ஸ்டேஷனிலேயே இருக்கிறது. கன்ட்ரோல் போன் செத்தாலும் அந்தப் பூட்டு சாகாது. பாயிண்டு மோட்டார் வேலை செய்யாவிட்டால் கிராங்க் கைப்பிடியைப் போட்டுக் கையால் திருப்பலாம். அதற்குச் சாவி உண்டு, பதிவு உண்டு, யார் எடுத்தது என்று கையெழுத்து உண்டு. பிளாக் கருவி பழுதானால் எழுதிக் கொடுக்கிற சீட்டு உண்டு. கேட்டு உடைந்தால் சங்கிலியும் பூட்டும் உண்டு. எங்கள் மேசையிலும் கணினி வந்த பிறகு நெடுங்காலம், இணைப்பு அறுந்தால் கொடுப்பதற்கென்று அட்டை டிக்கெட்டைப் பெட்டியில் வைத்திருந்தோம். வேகம் குறையும், வேலை கூடும், வரிசை நீளும். ஆனால் “சர்வர் இல்லை, ஆகவே தண்டவாளமும் இல்லை” என்று எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் சொல்ல மாட்டார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து விபத்து விபத்தாகப் படித்து எழுதிய விதிகள் அவை. வீட்டுக் கருவிக்காரனுக்கு மட்டும் அந்தப் படிப்பு வேண்டாமா?

தொழில் தெரிந்தவர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 2013ல் பவுலஸ் ஸ்கவுட்சன் என்ற டச்சு இளைஞர் ‘ஹோம் அசிஸ்டென்ட்’ என்ற நிரலை எழுதத் தொடங்கினார். காசில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம். உள்ளங்கை அளவுள்ள சின்னக் கணினி ஒன்றில் அதை ஏற்றி ரவுட்டர் பக்கத்தில் வைத்துவிட்டால், வீட்டுக் கருவிகளுக்கு அதுவே ஸ்டேஷன் மாஸ்டர். வெளி இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள் நடப்பது நடக்கும். 2024ல் அதை ஒரு அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டார்கள், எந்த முதலாளியும் வாங்கிவிட முடியாதபடி. மலிவான பல்பு, பிளக் இவற்றில் பலவற்றுள் ஷாங்காய்க் கம்பெனியின் ஈ.எஸ்.பி. வகைச் சில்லு இருக்கும். அப்படிப்பட்டவற்றில் கம்பெனி நிரலை எடுத்துவிட்டு ‘டாஸ்மோட்டா’ என்ற சுதந்திர நிரலைப் போடுகிறவர்கள் உண்டு. 2022 அக்டோபரில் பெரிய கம்பெனிகளே கூடி ‘மேட்டர்’ என்று ஒரு பொது முறையை வெளியிட்டன. அந்த முறைப்படி கருவிகள் வீட்டு வலைக்குள்ளேயே பேசிக்கொள்ள முடியும். கேமராவில் ‘ஓன்விஃப்’ என்ற பொது முறை 2008லிருந்து இருக்கிறது. அது இருந்தால் ஒரு கம்பெனியின் கேமராவை இன்னொரு கம்பெனியின் பதிவுப் பெட்டியில் மாட்டலாம். படம் வீட்டு வட்டிலேயே பதியும், மாதச் சந்தா இல்லை.

இதற்கெல்லாம் கொஞ்சம் பொறுமையும் தொழில் அறிவும் வேண்டும். எல்லாராலும் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தனித்தனியாக ஆகாததைச் சங்கமாகச் செய்யலாமே. குப்பத்தில் கிராமிய மின் கூட்டுறவுச் சங்கம் வைத்து, மின்சாரத்தையே மொத்தமாக வாங்கி ஊருக்கு விநியோகித்த வரலாறு இந்த ஜில்லாவுக்கு உண்டு. மின்சாரத்தை நடத்தியவர்களுக்குப் பல்பை நடத்தத் தெரியாதா?

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் விதிகள் வந்தன. அது நம் விவரங்களை என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று பேசுகிறது. கம்பெனி கடையை மூடினால் நம் மோட்டார் ஓட வேண்டும் என்று அதில் இல்லை. 2022ல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் திறந்தது. கம்பெனிகள் அதில் விவரம் போடலாம் என்ற அளவோடு நிற்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டம், இணையக் கருவி விற்பவன் எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவான் என்பதை வெளியே சொல்லியாக வேண்டும் என்கிறது. மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி அச்சிடுகிற நாட்டில் நாம் இருக்கிறோம். மூவாயிரம் ரூபாய்க் கேமராப் பெட்டியின் மேல், இணையம் இல்லாமல் இது ஓடுமா ஓடாதா, சேவை எந்த ஆண்டு வரை என்று இரண்டு வரி அச்சிடச் சொல்வது பேராசையா?

மொழியையும் மறந்துவிட முடியாது. கட்டமஞ்சி அம்மாளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், தெலுங்கு பேசத் தெரியும். அந்த ஆப் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. சுவர் சுவிட்சுக்கு எந்த மொழியும் வேண்டியதில்லை.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறேன். பிள்ளைகளுக்கு எழுதுங்கள், போனில் சொல்லுங்கள்: எதை வேண்டுமானாலும் மாட்டட்டும், பழைய சுவிட்சைக் கழற்ற வேண்டாம். கணக்கு ஷார்ஜா எண்ணில் மட்டும் இருக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர் பெயரிலும் இருக்க வேண்டும், கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாலும் பாதகமில்லை. மகன் நம்பரை மாற்றிவிட்டுக் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்த வீடுகள் இரண்டை நானே பார்த்திருக்கிறேன். கடையில் வாங்குமுன் ரவுட்டரின் வெளிக்கம்பியைப் பிடுங்கிவிட்டு, “இப்போ போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் மாறினால் வேறு கடைக்குப் போகலாம்.

மீட்டர் விஷயத்தில், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டண மனுக்களின் மேல் ஒவ்வொரு வருஷமும் பொது விசாரணை நடத்துகிறது. எவரும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். சர்வர் கட்டளையால் மட்டும் எந்த வீட்டையும் துண்டிக்கக் கூடாது, 56ஆவது பிரிவின் பதினைந்து நாள் முன்பண மீட்டருக்கும் உண்டு, தவறாகத் துண்டித்தால் நஷ்டஈடு உண்டு என்று மூன்று கோரிக்கையோடு நாம் ஒரு மனுத் தயாரிக்க வேண்டும். மனு தெலுங்கில் இருக்கட்டும். ஆபீஸில் படிக்கிறவர்களுக்குச் சௌகரியமாக இருக்கும், நம் தெலுங்கு அண்டை வீட்டாரும் கையெழுத்துப் போடுவார்கள். அவர்கள் வீட்டு மீட்டரும் இதே மீட்டர்தானே. வரைவு எழுதுகிற பொறுப்பை நான் ஏற்கிறேன். தெலுங்கு நன்றாக எழுதத் தெரிந்த இளைஞர்கள் இருவர் உடன் வேண்டும்.

கட்டமஞ்சி வீட்டுக்கு நம் உறுப்பினரான எலக்ட்ரீஷியன் ஒருவர் போய்ப் பழைய சுவிட்சை மறுபடி பொருத்திக் கொடுத்துவிட்டார். கைப்பேசி விசையும் இருக்கிறது, சுவர் சுவிட்சும் இருக்கிறது; எது போட்டாலும் மோட்டார் ஓடும். இதே மாதிரி செய்துகொள்ள விரும்புகிறவர்கள் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு காலையில் இங்கே பெயர் கொடுக்கலாம். கருவியின் அட்டைப் பெட்டியும் கடை பில்லும் இருந்தால் கொண்டு வாருங்கள். டெஸ்டரும் ஸ்குரூ டிரைவரும் சங்கத்தில் இருக்கிறது. கம்பியும் சுவிட்சும் அவரவர் வாங்கி வர வேண்டும்.